மனையிறையும் ஊர்க்கணக்கும்

(அடி அண்ணாமலையில் ஊர்மக்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு வடிவம் சற்றே திருத்தப்பெற்று, இங்கு எழுத்து வடிவில் தரப்பெறுகின்றது.)



முழுநிலாதோறும் இலக்கக் கணக்கான மக்கள் மலைவலம் வரும் 14 கிலோமீட்டர்ச் சாலையின்மேல் அமைந்தது உங்கள் ஊர். அவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றனர். நீங்களோ அவர்கள் நடக்கும் சாலையைப் பெருக்கவும், அவர்களுக்குக் குடிநீர் தரவும், விளக்கெரிக்கவும் வேண்டியவர்களாக இருக்கின்றீர்கள். அதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகின்றது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன். மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் நான் பேசுவேன் என்று வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் வீட்டுக் கூரை எறவானத்தில் செருகி வைத்திருக்கும் ஒரு சிறு தாளைப் பற்றியதே இவ்வுரை. அதுதான் வீட்டுவரிப் பற்றுச்சீட்டு. நீங்கள் வழக்கில் ‘ரசீது’ என்பீர்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகின்றேன். இது வேறொரு மாவட்டத்தின் சிறு நகரில் நடந்தது. என் தாயார் ஒற்றைத் தளமுள்ள ஓட்டு வீட்டில் தனியே வாழ்ந்து வந்தார். இரண்டு கறவை மாடுகளே அவர்க்கு வருவாய். அரையாண்டுக்கு 380 உருபாவாக இருந்த வரி, திடுமென 640 உருபா ஆயிற்று. அவர் எவரையும் கேட்கவில்லை. பால் பணத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். மூன்றாண்டுகள் கழித்து நான் ஊர் சென்றபோது அத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். முழுவதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். அவற்றுள் ஓர் இடத்தில், வீட்டுக்கு மேல்தளம் உண்டு என்று குறிக்கப்பட்டிருந்தது! இல்லாத மாடிக்கு என் தாயார் ஆறு அரையாண்டுகள் வரி கட்டியிருக்கின்றார். ‘ஏனம்மா கேட்கவில்லை?’ என்றேன். ‘அரசாங்கத்துத் தாள் பொய் சொல்லுமாடா?’ என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

தாள் பொய் சொல்லவில்லை. தெருவில் கதவெண்களை மாற்றியபோது, எங்கள் புதிய எண்ணும் பக்கத்து மாடிவீட்டின் பழைய எண்ணும் ஒன்றாகிவிட்டன. எழுதியவர் ஏட்டைப் பார்த்து எழுதினார், வீட்டைப் பார்க்கவில்லை. நாங்கள் முறையிட்டோம். அளந்து பார்த்தனர். வரி மீண்டும் 380 ஆயிற்று. ஆனால் அதுவரை கூடுதலாகக் கட்டிய 1,560 உருபா திரும்பவில்லை. ‘உரிய காலத்தில் முறையிடவில்லையே’ என்றனர். சட்டப்படி அவர்கள் சொன்னதில் பிழை காண இயலவில்லை. அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. வரி கட்டத் தெரிந்த நமக்கு, வரியைப் படிக்கத் தெரியவில்லை!

பெருமக்களே! வீட்டுக்கு வரி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அன்று. ‘மனையிறை’ என்னும் சொல்லைச் சோழர் கல்வெட்டுகளிலேயே காணலாம். தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, மனைக்கு மனையிறை. வரி நீக்கப்பெற்ற நிலத்துக்கு ‘இறையிலி’ என்று பெயர். ஈழத்தமிழர் இன்றும் இதே வரியைச் ‘சோலைவரி’ என்றும் ‘ஆதனவரி’ என்றும் வழங்குகின்றனர். நம்மிடம் பொருளும் இருந்தது. பொருளுக்குரிய சொல்லும் இருந்தது. சங்கக் காலத்திலேயே பிசிராந்தையார் என்னும் புலவர், பாண்டியன் அறிவுடை நம்பியிடம் நேரே சென்று, குடிகளிடம் வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்தார். வரி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அளவறிந்து கொள்ளச் சொன்னார். இதுதான் நம் மரபு.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையை மட்டுமே நாம் பெருமையாகப் பேசுகின்றோம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அங்குண்டு. வாரியத்தில் அமர வேண்டுமானால், ஒருவர்க்கு இறை செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். தம் மனையில் தாமே வீடு கட்டி வாழ்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோ, அவருடைய உறவினரோ மீண்டும் அமர முடியாது! வரி கொடுப்பவன் ஆளத் தகுந்தவன்; கணக்குக் காட்டாதவன் ஆளத் தகாதவன். இவ்வளவுதான் அதன் சாரம். அது பார்ப்பனர் ஊரவை என்பதையும், உழுத குடிகளுக்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்று சிலருக்கே இருந்த அவ்வுரிமை இன்று நம் அனைவர்க்கும் உண்டு. ஆனால் அதனை நாம் எடுத்து ஆள்வதில்லை என்பதே என் குறை.

வரியும் கணக்கும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் பல. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டின் பலகணிகளை எண்ணி வரி விதித்தனர். மக்கள் பலகணிகளைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டு இருட்டிலும் புழுக்கத்திலும் வாழ்ந்தனர். காசியில் 1810இல் கும்பினி அரசு வீட்டுவரி விதித்தபோது, மக்கள் கடைகளை அடைத்து, வீடுகளை விட்டு வெளியேறி, வெட்டவெளியில் கூடி அமர்ந்தனர். இறுதியில் அரசு அவ்வரியைக் கைவிட்டது. அது மக்களைக் கேளாமல் அயலான் விதித்த வரி. இன்றைய வரி அத்தகையதன்று. சட்டத்தின் இசைவின்றி எவ்வரியும் விதிக்கவோ தண்டவோ கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு கூறுகின்றது. எனவே, ‘எந்தச் சட்டப்படி, எந்தக் கணக்குப்படி?’ என்று கேட்பது சண்டையன்று, நம் உரிமை.

சரி, எந்தச் சட்டம்? ஊராட்சிகளில் வீட்டுவரிக்கு அடிப்படை 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 172ஆம் பிரிவு. குடிக்கூலி மதிப்பு, முதல் மதிப்பு அல்லது அரசு வரையறுக்கும் வேறோர் அடிப்படை ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு அவ்வரியைக் கணக்கிடலாம். வரியின்மேல் ஒவ்வோர் உருபாவுக்கும் 10 காசு நூலகவரி சேரும். இதனை வீண்சுமை என்று எண்ணாதீர்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொதுநூலகச் சட்டத்தின் பயன் அது. பேராசிரியர் சீர்காழி இரங்கநாதன் அச்சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். உங்கள் ஓட்டு வீட்டின் வரியிலிருந்துதான் நூலகத்துக்கு நூல் வருகின்றது. உங்கள் பிள்ளை அங்குச் சென்று படிக்கின்றதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

நடுவணரசுக்கும் மாநில அரசுக்கும் நாம் செலுத்தும் வரிகள் நம் கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. தீப்பெட்டி வாங்கினாலும் அவ்வரியைக் கட்டுகின்றோம். கட்டியதே நமக்குத் தெரிவதில்லை. வீட்டுவரியோ ஊரிலே தண்டப்பட்டு ஊரிலே செலவாக வேண்டிய பணம். எனவே, நாம் கணக்குக் கேட்பதற்கு மிக எளிய வரியும் இதுவே.

இனி, உங்கள் நெஞ்சில் உள்ள கவலைக்கு வருகின்றேன். 2024ஆம் ஆண்டு திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதனோடு இணைப்பது பற்றிய செய்தி பரவியபோது, ‘வரி எவ்வளவு ஏறும்? ஊரக வேலைத்திட்டம் போய்விடுமா?’ என்ற அச்சமே முதலில் எழுந்தது. இடையே, 2019 திசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பொறுப்புக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளுடன் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கேட்பதற்குத் தலைவரும் உறுப்பினரும் இல்லாத காலத்தில் மக்கள் தாமே விழிப்பாக இருத்தல் வேண்டும். இணைப்பு நல்லதா தீயதா என்பதை நீங்கள் கூடிப் பேசி உங்கள் கருத்தை எழுதித் தரலாம். நான் சொல்ல வந்தது வேறு. ஊராட்சியாக இருப்பினும், மாநகராட்சியாக மாறினும், உங்கள் வீட்டின் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே.

நகர எல்லைக்குள் இவ்வரிக்குச் சொத்துவரி என்று பெயர். 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் அதற்கு அடிப்படை. கணக்கிடும்போது ஐந்து செய்திகளைப் பார்க்கின்றனர். வீடு எந்தத் தெருவில் உள்ளது, தளப்பரப்பு எவ்வளவு, கூரை எவ்வகை, குடியிருப்பா, வணிகமா, கட்டி எத்தனை ஆண்டாயிற்று. இவ்வைந்தில் ஒன்று பிழையாக எழுதப்பட்டாலும் வரி பிழையாகும். ஊராட்சி எல்லைக்குள் பெரிதும் கேள்விப்படாத வெற்றுமனை வரியும் நகர எல்லைக்குள் உண்டு. மனை வாங்கிப் போட்டிருப்போர் இதனை நினைவிற் கொள்க.

ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு வரியுயர்வின்போது, நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் வரியை உயர்த்தினர். உங்கள் வீடு 590 சதுர அடி. அரையாண்டு வரி 400 உருபா என்று கொள்வோம். 25 விழுக்காடு ஏறினால் 500 உருபா. அளந்தவர் மாட்டுக்கொட்டிலையும் சேர்த்து 610 என்று எழுதிவிட்டால், 50 விழுக்காடு ஏறி 600 உருபா. வெறும் 20 சதுர அடிப் பிழைக்கு ஆண்டுக்கு 200 உருபா! அஃது ஓராண்டோடு நிற்பதன்று. அடுத்த உயர்வும் அதன்மேல்தான் ஏறும். சென்னை மாநகராட்சி மன்றம் 2024 செப்தம்பரில் 6 விழுக்காடு உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. அடிப்படை பிழையானால், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு விழுக்காடும் பிழையே.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கின்றேன்.

முதலாவது, நாளைக் காலையே உங்கள் வீட்டை நீங்களே அளந்து கொள்ளுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கும் கணக்கைப் பள்ளிச் சிறுவனும் செய்வான். திண்ணை, கொட்டில், குளியலறை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வையுங்கள். கட்டிய ஆண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது, பயன்பாட்டை மறைக்காதீர்கள், மிகைப்படுத்தவும் விடாதீர்கள். மலைவலம் வருவோர்க்கு அறை கட்டி நாட்கூலிக்கு விடுகின்றவர் பலர் இங்குண்டு. அது குடியிருப்பு என்று சொல்வது ஏமாற்று. ஏமாற்றியவன் கணக்குக் கேட்க வாய் திறக்க முடியாது. ஆனால் முன்னறை இரண்டை வாடகைக்கு விட்டதற்காக வீடு முழுவதையும் வணிகக் கட்டடமாக எழுதினால், அதனை மறுத்து எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, காலத்தில் கட்டுங்கள். நகர எல்லைக்குள் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அஃதாவது ஏப்பிரல் இறுதிக்குள்ளும் அக்குதோபர் இறுதிக்குள்ளும் கட்டினால், 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. 5,000 உருபா அதன் உச்ச அளவு. தவறி நிலுவை விழுந்தால் திங்களுக்கு 1 விழுக்காடு தனிவட்டி. வீட்டுவரி நிலுவை வீட்டின்மேலேயே முதற்பொறுப்பாக நிற்கும் என்று ஊராட்சிகள் சட்டமும் சொல்கின்றது. பழைய வீடு வாங்குவோர் விற்பவரின் வரி நிலுவையைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவது இதனால்தான்.

நான்காவது, பற்றுச்சீட்டு இன்றிப் பணம் கொடாதீர்கள். ‘பிறகு தருகின்றேன்’ என்பவரிடம், ‘பிறகே கட்டுகின்றேன்’ என்று சொல்லுங்கள். ஊராட்சி வரிகளையும் நகர வரிகளையும் இப்போது இணையவழி கட்டலாம். படித்த பிள்ளைகள் தெருவிலுள்ள முதியவர்க்கு அதனைச் செய்து தாருங்கள். பற்றுச்சீட்டின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2018 சூலையில் தமிழக நகரங்களில் சொத்துவரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் அவ்வுயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, கூடுதலாகக் கட்டிய தொகை பின்வரும் அரையாண்டுகளில் ஈடு செய்யப்படும் என்று அரசு அறிவித்தது. பற்றுச்சீட்டு வைத்திருந்தவர் ஈடாயிற்றா என்று சரிபார்த்திருப்பார். எறியப்பட்ட தாளுக்கு எவர் விடை சொல்வார்?

ஐந்தாவது, பெயர் மாற்றம். வீடு வாங்கினாலும், தந்தையார் இறந்தாலும், வரிப்பதிவில் பெயரை உடனே மாற்றிக் கொள்ளுங்கள். இறந்து இருபதாண்டான பாட்டனார் பெயரில் வரி கட்டும் வீடுகள் பல உண்டு. பேரப்பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படும். அதேபோழ்து, வரிச்சீட்டில் பெயர் இருப்பதனாலேயே வீடு உமதாகிவிடாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவது மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் பலமுறை, 2021இலும், தெளிவாக்கியுள்ளது. உரிமைக்கு ஆவணம் வேண்டும். வரிச்சீட்டு துணைச்சான்றே. அண்ணன் ஊரில் இல்லாதபோது தம்பி வரி கட்டிவிட்டு வீடு தனதென்பதும், அதனை நம்பி அண்ணன் அஞ்சுவதும் அறியாமையே.

ஆறாவது, முறையீடு. வரி பிழையென்று தோன்றினால், கேட்பு அறிக்கை வந்தவுடன் எழுத்தில் முறையிடுங்கள். அதில் முறையீட்டுக்குக் காலவரை குறித்திருக்கும். அதனை முதலில் பாருங்கள். என் தாயாரின் 1,560 உருபா போனது அதனைப் பாராமையால்தான். நீங்கள் அளந்த அளவையும், பழைய பற்றுச்சீட்டையும் இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். விடை வராவிடின், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் வீட்டின் மதிப்பீட்டுத் தாளின் படியைக் கேளுங்கள். 10 உருபா கட்டணம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. வரி கேட்கும் தாள் தமிழில் இருக்க வேண்டும் என்பது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. படித்தறிய இயலாத தாளுக்கு முறையிட இயலாது. முறையிட இயலாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லை. என் தாயார்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ‘மேல்தளம்’ என்று தமிழில் இருந்திருந்தால், முதல் நாளே அவர் சிரித்துவிட்டு, ‘என் வீட்டுக்கு ஏதப்பா மேல்தளம்?’ என்று கேட்டிருப்பார். எனவே, உங்களுக்கு ஆங்கிலத் தாள் வந்தால், தமிழில் தருமாறு எழுதிக் கேளுங்கள். ‘டிமாண்டு’ என்பதைக் கேட்பு என்றும், ‘அசெசுமென்டு’ என்பதை வரிமதிப்பு என்றும், ‘அரியர்’ என்பதை நிலுவை என்றும் நாமும் வழங்கிப் பழகுவோம். சொல் விளங்கினால் கணக்கு விளங்கும்.

ஏழாவதும் இறுதியுமாகச் சொல்வது, ஊரவை. அரசு இதனைக் கிராமசபை என்கின்றது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்குதோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள் இதற்கெனக் குறிக்கப்பட்டுள்ளன. அங்குச் சென்று, ‘தெருவிளக்கு எரியவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘சென்ற ஆண்டு வீட்டுவரியாகத் தண்டியது எவ்வளவு? நிலுவை எவ்வளவு? நிலுவை வைத்தவர் குடிசைவாழ் ஏழையரா, சாலையோர மாடிக்கட்டடத்தாரா? தண்டிய பணத்தில் விளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, மலைவலக் குப்பைக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். விடையை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊர் நகரோடு சேர்ந்துவிட்டால் இவ்வவை இல்லாது போகும். அப்போது வட்டத்து மன்ற உறுப்பினரிடமும் மாநகராட்சி அலுவலகத்திலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும். இன்று கேட்டுப் பழகாதவன் அன்று கேட்கமாட்டான்.

ஒன்றை மறவாதீர்கள். கணக்குக் கேட்கும் தகுதி வரி கொடுத்தவனுக்கே முழுமையாக உண்டு. ‘சாலை போடட்டும், பிறகு கட்டுகின்றேன்’ என்று வரியை நிறுத்துபவர், தம் தெருவின் விளக்கைத் தாமே அணைக்கின்றவர். ‘கட்டினேன், போதும்’ என்று வாளா இருப்பவரோ, பணத்தைக் கிணற்றில் போட்டவர். இவ்விரண்டும் நமக்கு வேண்டா.

என் தாயார் இன்று இல்லை. அவர் கட்டிய வரிச்சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கின்றேன். ஒவ்வொன்றின் பின்னும், எந்த மாட்டின் பால் பணத்தில் கட்டினார் என்று அவரே தமிழில் எழுதி வைத்திருக்கின்றார். தம் கணக்கை அவர் அவ்வளவு தூய்மையாக வைத்திருந்தார். அவரிடம் வாங்கியவர்களும் அவ்வாறே வைத்திருக்க வேண்டும் என்று கேட்க மட்டும் அவர்க்கு எவரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

வீட்டுக்குச் சென்றதும் அந்த எறவானத்துத் தாளை எடுங்கள். படியுங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இறையைத் தவறாது கொடுப்போம். கணக்கைத் தவறாது கேட்போம்.